அறிஞர் வாட்டர்ஸ்டன்

அறிவியல் வளர்ந்த வரலாற்றை உற்று நோக்குவார்க்கு இருவகை அறிஞர் தென்படுவர். தம் வாழ்நாளிலேயே உலகம் கொண்டாடப் புகழ் எய்தியோர் ஒரு சாரார். உயிரோடிருந்த காலத்தில் ஏற்பாரின்றி இருந்து, மறைந்த பின்னர் ஒளி பெற்றோர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் வகையினருள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர். வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றிய வரலாறு எழுதுவோர் இன்று இவர் பெயரை விடுத்து எழுதார். எனினும், அக்கொள்கையை இவர் எழுதி முடித்தது நம் நாட்டுப் பம்பாய் நகரில் என்பதை அறிந்தார் நம்மிடையே சிலரே. அவர்தம் வாழ்க்கையையும், அவர் தொடங்கிவைத்த அரிய வினா ஒன்றையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வாட்டர்ஸ்டன் 1811-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் முத்திரை அரக்கும் எழுதுபொருள்களும் விற்கும் வணிகர். மக்கள் ஒன்பதின்மருள் இவர் ஆறாமவர். அந்நகர உயர்நிலைப் பள்ளியிற் கல்வி முடித்தபின், பாலமும் பாதையும் அமைக்கும் பொறியாளர்பாற் சேர்ந்து தொழில் பயின்றார். பகலில் தொழில் கற்றவர் பல்கலைக்கழகத்தில் ஜான் லெஸ்லி என்னும் பேராசிரியரிடம் இயற்பியற் பாடமுங் கேட்டார். பத்தொன்பது வயதில் பொருள்களின் ஈர்ப்புக்குக் காரணம் யாது என ஆராய்ந்து ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அக்கருத்து நிலைபெற்றிலது, ஆயினும் கண்ணுக்குத் தோன்றாத நுண்துகள்களின் இயக்கத்தால் உலக நிகழ்ச்சிகளை விளக்கலாம் என்னும் எண்ணம் அவ்விளமையிலேயே அவருள்ளத்தில் வேர்கொண்டுவிட்டது. நம் கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவர் பலருக்கும் அவ்வயதே என்பதை நினைக்குங்கால் வியப்புண்டாகின்றது.

பின்னர் இலண்டன் சென்று இருப்புப்பாதைகளுக்கு நிலம் அளந்து படம் வரையும் பணியில் சில ஆண்டுகள் கழித்தார். அதனால் ஆராய்ச்சிக்கு ஓய்வு கிட்டாமை கண்டு, கடற்படை அலுவலகத்திற் கடல் அளவைத் துறையில் அமர்ந்தார். அத்துறைத் தலைவர் பிரான்சிஸ் போஃபர்ட் இவர் தகுதியை அறிந்து, 1839-ஆம் ஆண்டிற் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்க்கு ஆசிரியராக இவர் செல்லத் துணைபுரிந்தார். கப்பல் செலுத்துங் கலைக்கு வேண்டும் கணக்குகளைப் பகலில் இளைஞர்க்குப் போதிப்பதும், ஓய்வு வேளையில் தனித்திருந்து சிந்திப்பதும் இவர் வாழ்க்கையாயின. கருத்தைக் கலந்து பேச ஓர் அறிஞர் குழு அருகில்லை. அனுப்பிய கடிதத்திற்குத் தாயகத்திலிருந்து மறுமொழி வரப் பல வாரங்கள் செல்லும். இந்நிலையிலேதான் அவர்தம் பெருஞ்செயல் நிகழ்ந்தது.

அக்காலத்தில் வெப்பம் என்பது பொருளினுட் புகுந்தும் வெளிப்பட்டும் ஒழுகும் ஒருவகை நுண்ணிய பாய்பொருள் என்று கருதினோர் பலர். வாட்டர்ஸ்டன் அவ்வாறு கருதிற்றிலர். வாயு என்பது எண்ணிறந்த நுண்துகள்களின் கூட்டம். அவை விளக்கைச் சூழும் ஈசற்கூட்டம் போல எத்திசையிலும் ஓயாது பறந்து, தம்முள்ளும் கலத்தின் சுவரிலும் மோதி மீள்வன. அம்மோதலே வாயுவின் அழுத்தம். அவற்றின் இயக்க மிகுதியே வெப்பநிலை. இவ்வெண்ணத்தின் முளையை 1843-இல் எடின்பரோவிற் பெயர் குறியாது வெளியிட்ட மனத்தின் செயல்கள் பற்றிய நூலொன்றில் வைத்தார். அது கற்றோர் கண்ணிற் படவில்லை. ஆகலின் அதனை விரித்துக் கணித முறையால் நிறுவி, 1845-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு நெடுங்கட்டுரையாக அனுப்பினார்.

அக்கட்டுரையில் இரண்டு கருத்துகள் தலைமையானவை. முதலாவது, வெப்பநிலை துகளின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது. இரண்டாவது, எடை குறைந்த வாயுவும் எடை மிகுந்த வாயுவும் ஒரு கலத்திற் கலந்திருப்பின், எடை குறைந்த துகள் விரைந்தும் எடை மிகுந்தது மெல்லவும் செல்லும். ஆயினும் துகளின் எடையை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி வருஞ் சராசரி இரண்டற்கும் ஒன்றேயாகும் என்பது. அஃதாவது, ஆற்றலைப் பங்கிடுவதில் இயற்கை பெரியது சிறியது என்று வேறுபாடு காட்டாது எல்லாத் துகளுக்கும் ஒப்பப் பங்கிடுகின்றது. பிற்காலத்தில் மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மான் என்னும் பேரறிஞர் விரித்து நிறுவிய சமபங்கீட்டு விதிக்கு இதுவே வித்தாகும்.

இப்பங்கீடு உண்மையாயின் அதனைச் சோதித்தறிய ஒரு வழியுண்டு. அதுவே வாயுக்களின் தன்வெப்பம். ஒரு பொருளின் ஒரு குறித்த அளவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையாகும் வெப்பத்தைத் தன்வெப்பம் என்பர். வாயுக்களுக்கோ இஃது இருவகைப்படும். அசையாத மூடியிட்ட கலத்தில் வாயுவைச் சூடேற்றினால், தந்த வெப்பம் முழுதும் துகள்களின் இயக்கத்திற்கே செல்லும். ஏறி இறங்கும் மூடியிட்ட கலத்திற் சூடேற்றினால், வாயு விரிந்து மூடியை மேலே தள்ளுதற்கும் வெப்பம் செலவாகும். ஆகவே இரண்டாம் தன்வெப்பம் முதலாவதினும் மிகும். இரண்டன் விகிதமே துகளின் வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும் திறவுகோல்.

அது எங்ஙனம் எனின், ஒரு கணக்காற் காண்பாம். ஒரு துகள் இயங்கத்தக்க ஒவ்வொரு வழிக்கும் ஒரு பங்கு வெப்பம் உரியது என்க. தனியணு ஒன்றே துகளாயின், அது நெல்லிக்கனி போல முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்னும் மூன்று வழியிற் பறக்கும். ஆதலின் 3 பங்கு. மூடியைத் தள்ளுதற்குரிய செலவு எவ்வாயுவுக்கும் 2 பங்கே. ஆகவே விகிதம் 5-க்கு 3, அஃதாவது 1.67. இரண்டு அணுக்கள் பிணைந்த துகளோ, தண்டின் இருமுனையிலும் குடங்கள் தொங்கும் காவடி போன்றது. அது பறப்பதோடு இருவகையிற் சுழலவும் வல்லது. ஆதலின் 5 பங்கு. விகிதம் 7-க்கு 5, அஃதாவது 1.40. மூன்றோ மிகுதியோ அணுக்கள் ஒரே கோட்டில் அமையாமற் பிணைந்தால் மூவகைச் சுழற்சியும் கூடி 6 பங்கு. விகிதம் 8-க்கு 6, அஃதாவது 1.33. துகளினுள் உறுப்புகள் மிகுந்தோறும் வெப்பத்தைத் தன்னுள்ளே ஒளித்துவைக்கும் அறைகளும் மிகும். விகிதம் 1-ஐ நோக்கிக் குறையும்.

வாட்டர்ஸ்டன் இவ்விகிதத்தைக் கணிக்க முற்பட்டவருள் முன்னோடி. அவர் கொண்டது பறக்கும் இயக்கம் மட்டுமே உடைய துகள். அதற்கு 5-க்கு 3 என்று வரவேண்டிய விடை, கணக்கில் நேர்ந்த சிறு பிழையால் 4-க்கு 3 என்று வந்தது. பிழை பிழையே, அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும் ஒரு வாயுவைச் சூடேற்றுவதற்கு ஆகும் வெப்பத்தைக்கொண்டு அதன் கட்புலனாகாத் துகள்களின் நடையை அறியலாம் என்று துணிந்த துணிவு அப்பிழையினும் ஆயிரமடங்கு பெரிது.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. எம் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நின்று மேற்கே நோக்கினாற் கல்வராயன் மலை நீலநிறமாய் நீண்டு கிடக்கக் காணலாம். கோமுகி ஆறு பிறக்கும் அம்மலையில் வெள்ளிமலை முதலிய ஊர்களை அடைந்தோர், கீழே வெயில் சுட்டெரிக்கும் நாளிலும் மேலே தண்மை நிலவுவதை அறிவர். காற்று மலைச்சரிவில் ஏறுங்கால் மேலே அழுத்தம் குறைதலின் விரிகின்றது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுகின்றது, ஆகவே குளிர்கின்றது. ஈரமற்ற காற்று ஒரு கிலோமீட்டர் உயர ஏறினால் ஏறத்தாழ 9.8 செல்சியஸ் டிகிரி குளிரும். ஈரமுள்ள காற்று முகிலாகத் தொடங்கின் அக்குளிர்ச்சி குறையும். இவ்வெண் 9.8 ஆக இருத்தற்குக் காரணம், காற்றில் மிகப்பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஈரணுத் துகள்களால் ஆகியிருத்தலேயாம். அதே எடையுள்ள தனியணுக்களாற் காற்று ஆகியிருப்பின், ஒளித்துவைத்த வெப்பம் குறைவாதலின் ஒரு கிலோமீட்டருக்கு 13.7 டிகிரி குளிரும். கல்வராயன் மலைக்காற்றின் தண்மையின் அளவையும் ஓர் அணு மற்றோரணுவைக் கைப்பிடித்து நிற்கும் நிலையே வரையறுக்கின்றது என்பது எத்துணை வியத்தற்குரியது!

நிற்க. இலண்டன் சென்ற கட்டுரைக்கு நேர்ந்ததைக் காண்பாம். 1846-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் அது ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பெற்றது. அதனை மதிப்பிட்டோர் இருவர். ஒருவர் லப்பக், மற்றவர் பேடன் பவல். முன்னவர் அதனை வெறும் பொருளற்ற உரை எனத் தள்ளினார். பின்னவர் மோதலால் அழுத்தம் பிறக்கும் என்னும் அடிப்படையே ஏற்கத்தகாத ஊகம் என்றார். இருவரும் அறிவிலிகளல்லர், அக்காலத்தில் மதிப்புப் பெற்ற கணித வல்லுநரே. எனினும் தூரதேசத்துக் கடற்படைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் காலக் கொள்கைக்கு மாறாக எழுதியதைப் பொறுமையோடு பின்தொடர்ந்து செல்ல அவர்களுக்கு மனம் இசைந்திலது. சிறு சுருக்கம் ஒன்றே அச்சேறியது. வாசிக்கப்பெற்ற கட்டுரை சொசைட்டிக்கே உரியது என்னும் விதியால் மூலப்படியும் திரும்பிற்றிலது. வாட்டர்ஸ்டன் தம்மிடம் வேறு படி வைத்துக்கொண்டிலர். ஏழாண்டுத் தனிமையின் விளைவு ஆவணக் கிடங்கின் தூசியுள் அமிழ்ந்தது. தாலந்தைத் தானே மண்ணிற் புதைத்த ஊழியக்காரன் கதையை நாம் வேதத்திற் படித்திருக்கின்றோம். இவரோ தம் தாலந்தை வாணிபத்திற்கு இட்டவர், புதைத்தவர் பிறர்.

வாட்டர்ஸ்டன் வாளாவிருந்தாரல்லர். 1851-இல் இப்ஸ்விச் நகரிற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தில் தம் கொள்கையின் சுருக்கத்தை மீண்டும் வெளியிட்டார். செவிசாய்த்தார் அரியர். அதன்பின் உலகம் அதே வழியில் தானாகவே வந்து சேர்ந்தது. 1856-இல் கிரோனிக், 1857-இல் கிளௌசியஸ் என்னும் செர்மானியர் இயக்கக் கொள்கையை வெளியிட்டனர். 1860-இல் மாக்ஸ்வெல் அதனைப் பெருங்கொள்கையாக எழுப்பினார். ஆயின் தன்வெப்பம் அவரை வருத்தியது. சுழலும் துகளுக்கு 6 பங்கு எனக் கொண்டு அவர் பெற்ற விகிதம் 1.33; காற்றில் அளந்து கண்டதோ 1.408. இம்முரண் தம் கொள்கைக்கு நேர்ந்த பெரும் இடர் என்பதை மாக்ஸ்வெல் மறையாது எடுத்துரைத்தார். 1876-இல் போல்ட்ஸ்மான், ஈரணுத் துகள் தன் அச்சைப் பற்றிச் சுழலும் சுழற்சிக்குப் பங்கில்லை எனக் கொண்டு 1.40 வரக் காட்டினார். அச்சுழற்சிக்கு ஏன் பங்கில்லை என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் கொள்கையே விடை தந்தது. ஆற்றல் தானியம் போல மணிமணியாகவே வாங்கப்படும்; ஒரு மணிக்கும் போதாத வெப்பம் உள்ளவிடத்து அவ்வழி அடைபட்டே கிடக்கும். 1912-இல் ஆய்க்கன் என்பார் ஹைட்ரஜனைக் கடுங்குளிரில் ஆழ்த்தி, அதன் ஈரணுத் துகள் சுழற்சியை இழந்து தனியணு வாயுவைப் போலவே ஒழுகுவதைக் கண்டார்.

இனி வாட்டர்ஸ்டனின் பிற்காலம். 1857-இற் பணி துறந்து தாயகம் திரும்பினார். சூரியனின் வெப்பம், நீர்மங்களின் விரிவு, ஒலி முதலியன பற்றி ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். 1858-இல் ஒலிக் கொள்கை பற்றி வெளியிட்ட கட்டுரையில், ஆவணக் கிடங்கிற் கிடந்த தம் பழைய கட்டுரையைக் குறித்து ஒரு சொல் வைத்தார். அச்சொல் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரைக் காத்தது. ஒலிக்கும் தன்வெப்பத்திற்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. ஒலியின் வேகத்தை நியூட்டன் கணித்தபோது விடை மெய்யளவினும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்தது. ஒலி செல்லுங்கால் காற்று நெருக்குண்டு சூடேறுவதைச் சேர்த்துக் கணித்து லாப்லாஸ் அக்குறையை நீக்கினார். அக்கணக்கில் வேண்டப்படுவது இரு தன்வெப்பங்களின் விகிதமே. நம் சென்னையிலும் வானாய்வுக் கூடத்தின் தலைவர் கோல்டிங்காம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஓசை வந்து சேரும் நேரத்தை அளந்து, 1823-இல் அம்முடிபுகளை வெளியிட்டார். அவர் செவியால் அளந்த அவ்வேகத்தினுள்ளே காற்றுத் துகளின் ஈரணு வடிவம் ஒளிந்து கிடந்தது; அதை வாசிக்கும் எழுத்து அன்று எவரும் அறிந்திலர்.

வாட்டர்ஸ்டன் மென்மையான இயல்பினர். எனினும் கற்றோர் கழகங்களைப் பற்றிய பேச்செழுந்தால் மட்டும் கடிந்துரைப்பார் என அவர்தம் உறவினர் நினைவுகூர்ந்தனர். 1878-இல் ராயல் வானியற் சங்கமும் இவருடைய கட்டுரைகள் இரண்டைத் திருப்பியது. இவர் அச்சங்கத்தினின்றும் விலகினார். 1883-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் எடின்பரோவில் தம் இல்லத்தினின்றும் வெளியே சென்றவர் திரும்பி வந்திலர். நீரில் வீழ்ந்து இறந்திருப்பார் என்றே கருதப்பட்டது. எழுபது கடந்த அம்முதியவரின் மறைவை எண்ணி அறிவியலுலகம் வருந்தவில்லை. இழந்தது யாது என்றே அது அறியாதிருந்தது.

எட்டாண்டுகள் கழிந்தன. ஒலிநூல் வல்லாராகிய ராலே பிரபு அப்போது ராயல் சொசைட்டியின் செயலாளர். 1858-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்து, அதிற் கண்ட குறிப்பைப் பின்பற்றி, 1891-இல் கிடங்கினுட் புகுந்து தேடினார். நாற்பத்தைந்து ஆண்டுகள் உறங்கிய கையெழுத்துப்படி கிடைத்தது. அதன் பெருமையையும் அதனுள் உள்ள கணக்குப் பிழையையும் ஒருங்கே உணர்ந்து, தாமே முன்னுரை எழுதி 1892-இல் சொசைட்டியின் இதழில் முழுதும் வெளியிட்டார். உரிய காலத்தில் அது வெளிவந்திருப்பின் அத்துறை பத்துப் பதினைந்தாண்டு முன்னேறியிருக்கும் என்பது அவர்தம் மதிப்பீடு.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையுடையது. அதே 1892-இல் ராலே, காற்றினின்றும் பிரித்த நைட்ரஜன் வேதிப்பொருள்களினின்றும் பெற்றதைவிடச் சிறிது கனமாயிருப்பதைக் கண்டு வியந்தார். 1894-இல் ராம்சேயுடன் சேர்ந்து காற்றில் மறைந்திருந்த ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டறிந்தார். அது வேறெதனோடும் கூடுவதில்லை; ஆகவே வேதியியலார் வழக்கமான முறையில் அதன் துகளின் அமைப்பை அறிய இயலவில்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் கூடியதாகலாம் என்று மெண்டெலீவ் போன்றோரும் ஐயுற்றனர். அவ்விருவரும் ஆர்கானில் ஒலியின் வேகத்தை அளந்தனர். விகிதம் 1.66-ஐ ஒட்டி வந்தது. மூவணுத் துகளாயின் 1.3-ஐ ஒட்டியன்றோ வரவேண்டும்! ஆர்கான் தனியணு வாயு என்பது இங்ஙனம் உறுதியாயிற்று. பாதரச ஆவியில் 1876-ஐ ஒட்டிக் குண்ட், வார்பர்க் என்போர் கண்ட எண்ணும் இதுவே. வாட்டர்ஸ்டன் பம்பாயிலிருந்து கணக்கிட முயன்று தவறவிட்ட அந்த 5-க்கு 3 என்னும் எண்ணே, அவரை மீட்டெடுத்தவர் கையில் ஒரு புதுப்பொருளின் உள்ளமைப்பைத் திறந்து காட்டியது. 1904-இல் ராலே இயற்பியலுக்கும் ராம்சே வேதியியலுக்கும் நோபெல் பரிசு பெற்றனர். வாட்டர்ஸ்டனின் கட்டுரைகள் அனைத்தும் 1928-இல் ஹால்டேன் என்னும் உடலியலறிஞராற் தொகுக்கப்பெற்று நூலாயின.

ராலே தம் முன்னுரையில் இளம் ஆய்வாளர்க்கு ஓர் அறிவுரையும் வைத்தார். பெயர் அறியப்படாதவர் புரட்சியான கருத்தைப் பெருஞ்சங்கங்களுக்கு நேரே அனுப்புதல் பயன்தராது. முதலிற் சிறிய, ஐயமற்ற ஆய்வுகளால் நம்பிக்கை பெற்றுப் பின்னரே உயரப் பறத்தல் நன்று என்பது அதன் கருத்து. உலகியல் அறிந்தோர் சொல்லாகலின் அதனைத் தள்ளல் ஆகாது. ஆயினும் அவ்வறிவுரை எழுதுவோர்க்கு மட்டுமே உரியதாயின் அது பாதி நீதியே. படிப்போர்க்கும் ஓர் அறிவுரை வேண்டும். எழுதினவன் யார், எவ்வூரான், எப்பதவியினன் என்பதைக் கேளாது, எழுதிய கணக்கை அடிமுதல் முடிவரை உடன்நடந்து பார்த்தல் அவர்தம் கடன். லப்பக்கும் பவலும் அக்கடனைச் செய்திருப்பின், கட்டுரையின் பிழையையும் அவர்களே திருத்தியிருப்பர், உண்மையும் வாழ்ந்திருக்கும். ராலேயின் பெருமை அவர் சொன்ன அறிவுரையினும் அவர் செய்த தேடலிலேயே விளங்குகின்றது.

சிற்றூர்களினின்றும் மலையடிவாரங்களினின்றும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். தாம் எழுதும் சிறு கட்டுரையை யார் மதிப்பார் என்று மனந்தளர்வோர் அவருள் உளர். அன்னார் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து எழுதிய அவ்வாசிரியரை நினைப்பாராக. அவர் நிறுவிய விதிப்படி, எடையாற் பெரிய துகளும் சிறிய துகளும் ஒரே கலத்திற் கூடின் ஆற்றலில் ஒத்த பங்கே பெறுகின்றன. உயிரற்ற வாயுவில் இறைவன் அமைத்த அந்நீதி கற்றோர் அவையிலும் நிலவுமாறு செய்தல் நம் கையில் உள்ளது.